படகு அலமாரி

யாட் ராக் என்று உலகமே சொல்கிற அந்த மெத்தென்ற இசைக்குப் பெயர் வைத்தவன் நான். எனக்கு ஆன நேரம் நான்கு விநாடி. அதில் இரண்டு கொட்டாவிக்குப் போனது.

என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், நம்பமாட்டார். பாடியவர்களுக்கே அந்தப் பெயர் தெரியாது, பணக்காரர்கள் யாட் என்கிற உல்லாசப் படகில் சாய்ந்துகொண்டு கேட்பதுபோல் இருக்கிறதென்று இருபத்தைந்து வருடம் கழித்து இணையத்தில் யாரோ கேலியாக ஒட்டியது என்பார். சரி. அந்த யாரோ என் அலமாரியைப் பார்க்கவில்லை என்பதற்கு அவரிடம் என்ன ஆதாரம்?

நான் வானொலி நிலையத்தில் இசைத்தட்டு நூலகர். வந்து குவிந்ததையெல்லாம் கேட்டு அடுக்க மூன்று ஆயுள் போதாது. ஆகவே உறைப் படத்தைப் பார்த்து அடுக்கினேன். குதிரைக்கு ஓர் அலமாரி, மீசைக்கு ஒன்று, படகுக்கு ஒன்று. படகு அலமாரியில் எதை எடுத்தாலும் ஒரே வழவழப்பு; பாடுகிறவர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி. மதியம் இரண்டு மணி நிகழ்ச்சியின் பெண் அறிவிப்பாளர் தினமும் அங்கிருந்துதான் எடுப்பார்.

ஒருநாள் படிவத்தோடு வந்தார். இசைவகை என்ற கட்டம் காலியாக இருந்தால் திங்கள் முதல் நிகழ்ச்சி கிடையாதாம். 'சாஃப்ட் ராக்' என்பதை மாலை நிகழ்ச்சிக்காரர் முந்திக்கொண்டாராம். நிகழ்ச்சி போனால் அவர் வேலையும் போகும். ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் தள்ளிவிட்டு, முடிவைப் பார்க்கத் தைரியமில்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். நான் 'யாட் ராக்' என்று எழுதி அனுப்பினேன்.

இயக்குநர் நேரில் வந்தார். தொந்தி வந்து ஐந்து நிமிடம் கழித்து அவர் வந்தார். படகு அலமாரியில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று இசைத்தட்டு உருவுவேன், மூன்றும் ஒரே மாதிரி ஒலிக்காவிட்டால் நிகழ்ச்சி ரத்து என்றார். ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பொறியாளராக இருந்த மச்சான் ஒவ்வொன்றாகப் போட்டார். முதலாவது வழவழ. இரண்டாவது வழவழ. மூன்றாவதும் அப்படியே. இயக்குநர் கையெழுத்துப் போட்டபடியே தூங்கிப்போனார். எழுப்ப ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.

நிகழ்ச்சி பதினெட்டு வருடம் ஓடியது. இதற்கிடையில் மச்சான் அந்த அறிவிப்பாளரையே கட்டிக்கொள்ள, அவர் எனக்குத் தங்கச்சியானார். நான் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், சோதனையும் இல்லை ஒன்றும் இல்லை, இயக்குநர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார் என்று மச்சான் சாதிப்பார்.

போன ஞாயிறு அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மறுபடியும் ஆரம்பித்தேன்.

"மாப்பிள்ளை, அளக்காதீங்க" என்றார் மச்சான்.

தங்கச்சி கரண்டியைக் கீழே வைத்தார். "அண்ணன் சொல்றது ஒண்ணு, நீங்க சொல்றது ஒண்ணு. அந்தப் பாட்டுங்க ஜெயிச்சு எனக்கு வேலை நின்னுச்சா, இல்ல அந்த ஆளு படிக்காமப் போட்ட கையெழுத்தா? இப்பவாவது சொல்லுங்க."

மச்சான் வெகுநேரம் தண்ணீர் குடித்தார். தம்ளர் எப்போதோ காலி.

"சோதனை நடந்துச்சு" என்றார். "மூணாவது உறைக்குள்ள இருந்தது கப்பல்படை பேண்டு வாத்தியம். அதை நான் வெளியிலேயே எடுக்கல. ரெண்டாவது தட்டையே மறுபக்கம் திருப்பிப் போட்டேன்."