ஜன்னலில் வைத்த சந்தனம்

டாக்டர் சீனிவாசராகவனுக்கு அமெரிக்கப் பட்டம் இரண்டு, கர்வம் நான்கு. பிரபஞ்சம் பிறந்தபோது இருந்த வெப்பத்தின் மிச்சம் இன்னும் வானமெங்கும் நுண்ணலையாகப் பரவிக் கிடக்கிறது. அதைப் பிடிக்கும் ரிசீவரை எங்கள் பெங்களூர் லேபில் செய்துகொண்டிருந்தோம். செய்தோம் என்றால், அவர் பேசினார், நான் செய்தேன். என் பெயர் சங்கமித்ரா. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் ஒப்பந்த டெக்னீஷியன். தொண்ணூற்றேழு அக்டோபரோடு என் ஒப்பந்தம் முடிய இருந்தது. நீட்டிப்பதும் நிறுத்துவதும் அவர் கையில் இருந்தது.

ரிசீவர் திரவ ஹீலியத் தொட்டிக்குள் கடுங்குளிரில் உட்கார்ந்திருக்கும். வெளியே பார்க்க அதற்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல். கறுப்பு ஸ்பாஞ்சைச் சும்மா ஒருமுறை, திரவ நைட்ரஜனில் முக்கி ஒருமுறை ஜன்னலுக்கு முன்னால் காட்டினால், ரிசீவர் தானாகப் போடும் இரைச்சல் எத்தனை டிகிரி என்று தெரிந்துவிடும். குறையக் குறைய நல்லது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பன்னிரண்டு வந்தது.

பூஜையன்று ஸ்க்ரூடிரைவர் முதல் ஜெராக்ஸ் மிஷின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு. ரிசீவருக்கு மட்டும் டாக்டரே வைத்தார். அவ்வளவு பெரிய தொட்டியில் வேறு இடமா இல்லை? முகம் என்று நினைத்தாரோ என்னவோ, ஜன்னலின் நட்டநடுவில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமமும் வைத்தார். பூஜைப் பொட்டை எங்கள் லேபில் யாரும் துடைக்க மாட்டார்கள். தானாக உதிரவேண்டும்.

அடுத்த சோதனையில் இருபத்தேழு வந்தது.

“நீ பத்தவச்ச சால்டர்தான். ஜாயிண்ட் சரியில்ல,” என்றார்.

“பூஜைக்கு முன்னாடி அதே ஜாயிண்ட்தானே சார் பன்னெண்டு காட்டிச்சு? எனக்கு அந்தச் சந்தனத்து மேலதான் டவுட்டு. ஜன்னல மறைக்குது, அதோட சூடும் இரைச்சலாச் சேருது.”

சிரித்தார். “பூஜை பண்ணதால கெட்டுப்போச்சுங்கறியா? நீங்கள்லாம் பௌத்தம். உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவரோ கூடத்தைக் கோணலாக்கிவிட்டு ஆடுகிறவளைத் திட்டினார்.

தொட்டியைச் சூடாக்கித் திறந்து, ஜாயிண்ட்டைப் புதிதாகப் போட்டு, மூடி, மறுபடி குளிரவைக்க நான்கு நாள் போயிற்று. மறுபடியும் இருபத்தேழேதான். “திங்கட்கிழமையும் இதே நம்பர் வந்தா, நீ அப்பறம் வரவேண்டாம்,” என்றார்.

திங்கட்கிழமை அவர் காபி குடிக்கப் போனார். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஜன்னலைத் துடைத்துவிட்டுச் சோதித்தேன். பன்னிரண்டு.

திரும்பி வந்தவர் முகம் மலர்ந்தது. “பாத்தியா? ஜாயிண்ட்தான்னு நான் சொன்னேன்ல!”

“இன்னிக்கு ஜாயிண்ட்டத் தொடவே இல்ல சார். பொட்டத்தான் தொடச்சேன்.”

பஞ்சைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. லாக் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். “டெக்னீஷியன் போட்ட ஜாயிண்ட்ல ஃபால்ட், சரி பண்ணியாச்சுன்னு எழுதி சைன் பண்ணு. உன் ரினியூவல் லெட்டர் என் டேபிள் மேலதான் இருக்கு.”

அந்தப் புத்தகம் ரிசீவரோடு தொலைநோக்கிக்குப் போகும். அங்கே இருப்பவர்கள் முதலில் அதைத்தான் படிப்பார்கள். எனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். ஆனாலும் நிறுத்தி நிதானமாக எழுதினேன்: கோளாறு, ஜன்னலில் சந்தனமும் குங்குமமும். வைத்தவர், டாக்டர் சீனிவாசராகவன். துடைத்தவர், சங்கமித்ரா.

படித்துவிட்டு, “உனக்கு வேலை வேண்டாமா?” என்றார்.

“வேணும் சார். அதுக்காக உங்க தப்ப எம்மேல போட்டுக்க முடியாது.”

மாதக் கடைசியில் என்னை அனுப்பிவிட்டார்கள். ரயிலில் பங்காரப்பேட்டை வரை அழுதேன், மறைப்பானேன். ஆனால் பக்க எண் அச்சடித்த புத்தகம் அது, கிழித்தால் தெரிந்துவிடும். லேப் தலைவரான டாக்டரின் கையெழுத்தில்லாமல் ரிசீவரும் வெளியே போகாது. என் மூன்று வரிக்குக் கீழே அவரே கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினார்.