தலைப்பெட்டி

சோறு வடித்து முடிந்ததும் வதனி குடையை எடுத்துக்கொண்டு வட்டைக்குள் இருந்த மேட்டுக்கு நடப்பாள். மண்டூருக்கு அப்பால், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கிடந்த அந்த ஊரில் போனில் பேச முடிந்த இடம் வயல் நடுவிலிருந்த அந்த மேடு ஒன்றுதான். கணவன்மார் வெளிநாட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் அங்கே கூடிவிடுவார்கள். ஒருத்தி அழுவாள். பக்கத்திலேயே இன்னொருத்தி விழுந்து விழுந்து சிரிப்பாள். இரகசியம் என்று எதுவும் அந்த மேட்டில் தங்குவதில்லை.

வதனிக்கு அப்போது ஐந்து மாதம். அவள் வரப்பில் நடந்து வருகிறாள் என்று நினைத்தாலே, கத்தாரில் ஏசி திருத்தும் வேலை செய்த திவாகரனுக்குப் பதறும்.

“வரம்பு வழுக்கும் வதனி. நீ ஏறி வராத. நான் வொயிஸ் போட்டுவிடுறன். மாமாவக் கொண்டுபோய்க் கேக்கச் சொல்லு.”

“ஓம், நீங்க என்னக் கொஞ்சுறத அப்பா கேட்டுட்டு வந்து சொல்லட்டும்,” என்று அவள் சொன்னதும் மேட்டில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அவளுடைய அப்பா அழகரத்தினம் ஊர்க் கோயிலின் வண்ணக்கர். நிர்வாகம் அவர் கையில். கெட்ட மனிதர் இல்லை. வெள்ளம் வந்தால் முதலில் திறப்பது அவருடைய நெல் அறைதான். ஆனால் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற முன்னீட்டுப் பேச்சு வந்துவிட்டால் அவர் வேறு ஆள். பூசை முடிந்து காளாஞ்சித் தட்டில் வெற்றிலை வரும்போது எந்தத் தாய்வழிக் குடிக்கு முதலில், எந்தக் குடிக்கு அடுத்து என்ற ஒழுங்கை, கண்ணை மூடிக்கொண்டும் சொல்வார்.

காத்தான்குடியிலிருந்து முனாஸ் என்ற பொறியியலாளர் வந்தது அந்த நாட்களில்தான். சிறிய வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் மண்டபத்தில் ஊர்க்காரருக்கு விளங்கப்படுத்தினான்.

“வீட்டுக்கு ஒரு பெட்டி. வாவிக்கு அங்கால எழுவான்கரை டவர்ல இருந்து ஒரு பெட்டி இன்டர்நெட்ட எடுத்து அடுத்த வீட்டுக்குக் குடுக்கும். அது அதுக்கு அடுத்த வீட்டுக்குக் குடுக்கும். ஆரு எவ்வளவு கடத்திக் குடுத்த எண்டு எல்லாப் பெட்டியிலயும் ஒரே மாதிரி பதிஞ்சிரும். எவராலயும் அழிக்கேலா. கடத்திக் குடுக்கிற வீட்டுக்குப் புள்ளி. அந்தப் புள்ளிக்கு டேட்டா. ஒரு பெட்டிய இடம் மாத்துறதெண்டாலும் முக்கால்வாசி வீட்டுக்காரர் போன்ல ஓம் எண்டு அமத்தோணும். இதத்தான் பிளாக்செயின் எண்டு சொல்ற. இதுக்குத் தலைவர் எண்டு ஒராள் இல்ல.”

“அப்ப முதல் பெட்டி எங்க வரும் தம்பி?” என்று கேட்டார் அழகரத்தினம்.

“கண்ணகை அக்காட தென்னையில ஐயா. அதுல இருந்துதான் டவர் நேரா தெரியுது.”

மண்டபத்தில் யாரோ செருமினார்கள். கண்ணகை வாவியில் வலை வீசிப் பிழைக்கும் விதவை. அவளுடைய ஆட்களுக்கு அந்தக் கோயிலில் குடி உரிமை இல்லை. வாசலுக்கு வெளியே நின்றுதான் கும்பிடுவார்கள். அன்றும் அவள் அங்கேதான் நின்றாள்.

“முதல் பெட்டிக்குத்தானே புள்ளி கூட விழும்? போன்ல பட்டியல் பாத்தா அந்த வீட்டுப் பேர்தானே மேல நிக்கும்?” என்றார் அழகரத்தினம்.

“ஓம் ஐயா.”

“அப்ப சரிவராது. ஊருக்கு வாற எதுவும் முன்னீட்டுப்படிதான் வரும். முதல் பெட்டி எங்கட குடிக்கு.”

“ஐயா, சிக்னலுக்குக் குடி தெரியாதே.”

“எங்களுக்குத் தெரியும்தானே.”

வெளியே நின்ற கண்ணகை சத்தமாகக் கேட்டாள்: “என்ட தென்னைக்கும் தீட்டா வண்ணக்கரையா? தேங்காய மட்டும் கோயிலுக்கு எடுக்கிறீங்க!”

சிலர் சிரித்துவிட்டார்கள். பிறகு வண்ணக்கரின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

முதல் பெட்டி அழகரத்தினத்தின் கூரையில் ஏறியது. ஊரார் அதைத் தலைப்பெட்டி என்றே அழைத்தார்கள். வீட்டைச் சுற்றிப் பெரிய மாமரங்கள். வெயில் நாளில் இன்டர்நெட் ஓடியது. வதனி மேட்டுக்குப் போவதை விட்டுவிட்டு, விறாந்தையில் கால் நீட்டி உட்கார்ந்து திவாகரனோடு பேசினாள். வளைகாப்பைக்கூட அவன் வீடியோவில் பார்த்தான். ஆனால் ஒரு தூறல் விழுந்து மாவிலை நனைந்தால் போதும், ஊர் முழுவதற்கும் நின்றுவிடும்.

“மாரிக்கு இது தாங்காது ஐயா,” என்று முனாஸ் திரும்பவும் வந்து சொன்னான். தலைப்பெட்டியைக் கண்ணகையின் தென்னைக்கு மாற்றச் சம்மதமா என்ற கேள்வியை எல்லார் போனுக்கும் அனுப்பிவிட்டுப் போனான்.

யாரும் ஓம் என்று பொத்தானை அமர்த்தவில்லை. எல்லாரும் வண்ணக்கரின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அமத்துங்கவன் அப்பா. ஒரு விரல்தானே.”

“விரல் என்டதான் மகள். மானம் எங்கட குடிட.”

“குடி தாய்வழிதானே அப்பா? நான் அம்மாட குடி. உங்கட முன்னீடு எனக்கும் இல்ல, என்ட புள்ளைக்கும் இல்ல. மறுகா ஆருக்காகக் காத்துக்கொண்டிரிக்கிறீங்க?”

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மார்கழி மழை ஒரு கிழமையாக விடாமல் பெய்தது. தெரு தண்ணீருக்குள் போனது; வட்டை மேட்டுக்கும் போக வழியில்லை. அப்படி ஒரு காலையில் வதனிக்குக் குறித்த நாளுக்கு முன்பே வலி கண்டது. “வலி வந்தா உடனே சொல்லுங்க, இஞ்சின் போட் அனுப்புவம்,” என்று மிட்வைஃப் சொல்லித்தான் வைத்திருந்தார். வதனி அவரை அழைக்கப் போனை அமர்த்தினாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“அப்பா, போகுதில்ல!”

அழகரத்தினம் கத்தியை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறினார். கொட்டும் மழையில் மாங்கொப்புகளை வெட்டிச் சாய்த்தார். ஒன்று விழுந்தால் அதற்குப் பின்னால் இன்னொன்று. பெட்டியின் விளக்கு சிவப்பாகவே எரிந்தது. கீழேயிருந்து மகள் அவரைக் கூப்பிட்ட சத்தம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் கண்ணகையின் வாசலுக்கு ஓடினார்.

“கண்ணகை...” என்றார்.

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். தோணி வலிக்கும் சவளை எடுத்தாள்.

“நிக்காதீங்க வண்ணக்கரையா. புள்ளையத் தூக்கிக்கொண்டு வாங்க. தோணி இரிக்கி.”

வாவி காற்றில் கொந்தளித்தது. கண்ணகை வலித்தாள். அவர் மகளின் தலையை மடியில் வைத்து, வேட்டித் தலைப்பை விரித்து மழையை மறைத்தார். இஞ்சின் போட் சீக்கிரமே வந்துபோகும் தூரம் அது. தோணிக்கு அன்று பாதிப் பகல் போனது.

எழுவான்கரை ஆஸ்பத்திரியில் டொக்டர் வெளியே வந்து, “தாய்க்குப் பயமில்ல,” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். “பொம்பிளப் புள்ள ஐயா. ஒள்ளுப்பம் முந்தி வந்திருந்தா...”

கண்ணகை சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய உள்ளங்கைகள் உரிந்து இரத்தம் கசிந்தது.

அந்த நேரத்தில்தான் அழகரத்தினத்தின் சட்டைப்பையில் இருந்த போனுக்கு சிக்னல் கிடைத்தது. திவாகரனின் குரல்பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

“மாமா, காலையில இருந்து ஒராளும் எடுக்கிறீங்க இல்ல. நெட் இல்லையோ?”

“மாமா, எனக்கு இஞ்ச வேல ஓடுதில்ல. வதனி சாப்பிட்டாளா எண்டு மட்டும் சொல்லுங்க.”

“மாமா, பொம்பிளப் புள்ளையெண்டா பேர் ஒண்டு யோசிச்சு வெச்சிரிக்கன். அவளுக்குச் சொல்லிராதீங்க. நானே சொல்லுறன்.”

அவர் பதில் பதிவு செய்ய மைக்கை அமர்த்தினார். திவாகரனுக்குப் போய்ச் சேர்ந்த பதிவில் பேச்சே இல்லை. ஆஸ்பத்திரித் தகரத்தில் மழை விழும் சத்தமும், வயதான ஒரு மனிதர் மூச்சு வாங்கும் சத்தமும் மட்டும் இருந்தன. அதைக் கேட்டதுமே அவனுக்கு விளங்கிவிட்டது. என்ன பேர் என்று அவன் யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மழை ஓய்ந்து, வதனி எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு அழகரத்தினம் முனாஸை வரச் சொன்னார். ஊரையும் கூட்டினார். ஆனால் மண்டபத்தில் இல்லை. கண்ணகையின் தென்னைக்குக் கீழே. வதனி தள்ளி ஒரு ஓரமாக நின்றாள். குழந்தையை இழந்த நாளிலிருந்து அவள் அப்பாவோடு பேசவில்லை.

“மனசத் தேத்துங்க வண்ணக்கர். எல்லாம் விதி,” என்றார் ஊரில் மூத்தவரான கனகசிங்கம்.

“விதி இல்ல அண்ணன். விதியில பழியப் போடாதீங்க.” அழகரத்தினம் கூடி நின்றவர்கள் பக்கம் திரும்பினார். “தலை இல்லாத சாமானுக்கு நான் தலை வெச்சன். நான் ஓம் அமத்தயில்ல எண்டு நீங்களும் அமத்தயில்ல. அது எல்லாப் பெட்டியிலயும் அப்பிடியே கிடக்கு. ஒராளாலயும் அழிக்கேலா. ஊருக்கு எண்டு ஒரு வசதி வந்தா, அது ஆருட வாசலால வந்தா எல்லாருக்கும் போய்ச் சேருமோ, அந்த வாசலத் திறந்து விடோணும். அதில வந்து ஆரு பெரிசு, ஆரு சின்னன் எண்டு பாத்தா, நம்மட புள்ளைகளத்தான் குடுக்கோணும். நான் குடுத்திட்டன். நீங்க குடுத்திராதீங்க.”

போனை எடுத்து எல்லாரும் பார்க்க ஓம் என்று அமர்த்தினார். அவருக்குப் பிறகு கனகசிங்கம். பிறகு ஒவ்வொரு வீடாக.

முனாஸ் தென்னையில் ஏறிப் பெட்டியைக் கட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. வதனியின் கையிலிருந்த போன் உடனே அடித்தது. திவாகரன்தான். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாவிக்கரைப் பக்கம் போனாள். அவளிடமிருந்து அழுகைதான் வந்தது.

காய்ப்பேறிய கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற கண்ணகை, மேலே எரியும் விளக்கைப் பார்த்தபடி மெல்லக் கேட்டாள்:

“இந்த விரல மாரிக்கு முந்தி அமத்தியிருக்கலாமே, வண்ணக்கரையா?”

“ஓம் கண்ணகை,” என்றார் அவர். “அமத்தியிருக்கலாம்.”