வேர்க்காத ஐஸ்

இரண்டு குப்பிகளையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் வைத்தேன். ஒன்று ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த தடுப்பு மருந்து. மற்றது காலையில் ஐஸ் பெட்டியில் தெருவுக்குக் கொண்டுபோய் மிஞ்சி வந்தது. அந்தப் பெட்டியைக் காலி செய்யும்போது ஐஸோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் சந்தேகம். நல்லது பால் கலந்த தண்ணீர்போலக் கலங்கியே நின்றது. மற்றதில் பஞ்சுப் பிசிறுபோலத் துகள்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் படிந்தன, மேலே தெளிந்த தண்ணீர். உறைந்து உருகிய மருந்து. அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். இதைத்தான் பதினேழு பிள்ளைகளின் தொடையில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இருபத்திரண்டு வருஷமாக ஊசி போடுகிறேன். புதிதாக வரும் நர்ஸ்களிடம் நான் ஓதுவது ஒன்றுதான்: "ஐஸ்னா எல்லாம் ஒண்ணு இல்லடி." ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக் பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே இருக்கும். வெளியே வைத்தால் முதலில் வெள்ளையாகப் பூக்கும், பிறகு வேர்க்கும். காதருகே ஆட்டினால் உள்ளே சளக்கென்று தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். ஐஸும் தண்ணீரும் சேர்ந்து இருக்கிறவரை அது பூஜ்யத்தைவிட்டு அசையாது; வருகிற சூட்டையெல்லாம் உருகுவதற்கே செலவழித்துவிடும். அந்த ஐஸ்தான் மருந்துக்குக் காவல். வேர்க்காத ஐஸ் மருந்தையே உறைய வைத்துவிடும். முக்கால் மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் பொறுக்கவில்லை. எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. வேன் டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பயம் சூட்டின்மேல்தான், குளிரைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. நாலு பேக் போதும் என்ற இடத்தில் ஆறு திணித்தேன், ஃப்ரீசரிலிருந்து நேராக. ஊருக்கு உபதேசம் பண்ண மட்டும் வாய் கிழிகிறது!

அதுவும் எந்தத் தெருவில்! ஊசி போட்டால் பிள்ளை முடமாகிவிடும் என்று எவனோ கிளப்பிவிட்டதில் இரண்டு வருஷமாக அங்கே ஒரு கதவும் திறக்கவில்லை. போன குளிர்காலத்தில் கக்குவான் இருமல் வந்து இரண்டு பிள்ளைகள் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகும் எட்டு மாதம் நடையாய் நடந்தேன். அந்தத் தெருவில் ஒரு வெல்டரின் மனைவிதான் முதலில் சம்மதித்தாள், அவளே மற்றவர்களையும் இழுத்து வந்தாள். இந்த வாரம் இருமல் பக்கத்துத் தெருவரை வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளின் உடம்பில் அதைத் தடுக்க இப்போது எதுவும் இல்லை.

டாக்டரம்மா குப்பியைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"சிஸ்டர், இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அடுத்த மாசம் அடுத்த ஊசி இருக்குல்ல? அதுல சரி பண்ணிக்கலாம்."

"அதுவரைக்கும் இருமல் காத்திருக்குமா மேடம்?"

"போய்ச் சொன்னா மட்டும் போட விடுவாங்களா? எட்டு மாச உழைப்ப நீங்களே கொளுத்துறீங்க. அப்புறம் ஒருத்தியும் கதவத் திறக்க மாட்டா."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் இருந்தால் வேலையும் பேரும் தப்பும். அப்புறம் ஒரு பிள்ளை இருமினாலும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

மறுநாள் ஐஸ் பேக்குகளை மேஜையில் பரப்பிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார். "இன்னொரு தடவ அடிச்சீங்க, அதப் பிடுங்கிக் கையில குடுத்துருவேன்" என்று கத்தினேன். ஆறையும் ஆட்டிப் பார்த்து, நாலை மட்டும் அடுக்கினேன்.

வெல்டர் மனைவி சிரித்துக்கொண்டேதான் கதவைத் திறந்தாள். இடுப்பில் பிள்ளை. ஊசி போட்ட இடம் சிவந்து கல்லாக வீங்கியிருந்தது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப நேத்துப் போட்டது?"

"வேலைக்காகாதும்மா. என் தப்பு. மறுபடி ஒரு தடவ போட்டுட்டாப் போதும், ஒண்ணும் ஆகாது."

"ராத்திரி பூரா வீல் வீல்னு கத்துச்சு." அவள் குரல் உயரவேயில்லை. "சும்மாவா கத்துச்சு சிஸ்டர்? ஒங்கள நம்பி அத்தன பேரையும் நான்தான கூட்டிட்டு வந்தேன்."

உள்ளே போனாள். பிள்ளைக்குத் துணி மாற்றத்தான் போகிறாள் என்று நினைத்து ஊசியைத் தயாராக எடுத்து வைத்தேன். பிள்ளையில்லாமல் தடுப்பூசி அட்டையோடு வந்தாள்.

"நேத்து எழுதினத அடிச்சுக் குடுங்க."

பெட்டி மூடிமேல் வைத்து, தேதியையும் என் கையெழுத்தையும் கோடு போட்டு அடித்தேன். "பிள்ளையக் கொண்டாம்மா, ஒன் கால்ல வேணும்னாலும் விழறேன்" என்றேன். அட்டையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

சேதி எனக்கு முன்னால் ஓடிவிட்டது. நாலாவது வீட்டுக்குப் போவதற்குள் பெண்கள் அட்டையோடு வாசலில் நின்றார்கள். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. பதினோரு மணிக்குள் பதினாறு அட்டைகளை அடித்தாயிற்று, ஒரு பிள்ளையையும் யாரும் தூக்கி வரவில்லை. கடைசி வீட்டில் கதவு தட்டியும் திறக்கவில்லை. உள்ளே ஒரு பிள்ளை விடாமல் இருமியது. இருமி முடித்து, கக்குவானில் வருகிற அதே கூவலோடு மூச்சை இழுத்தது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை மட்டும் வெளியே வந்து அட்டையை நீட்டியது.