பித்தளை மிதப்பு

வெள்ளைச் சேலை கட்டிய கதாநாயகி சாட்சிக் கூண்டில் நின்றபடி கையை நீட்டினாள். "கொலை செய்தது யார் என்று சொல்கிறேன். அதோ, அங்கே நிற்கிறாரே..."

அத்தோடு ரீல் தீர்ந்தது. தருவைகுளம் டூரிங் டாக்கீஸின் திரையில் வெறும் வெளிச்சம் விழுந்தது.

கடைசி ரீல் உப்பளத்து ஓரச் சாலையில், காசிலிங்கத்தின் மோட்டார் சைக்கிளில் கட்டிய தகரப் பெட்டிக்குள் இருந்தது. வண்டிதான் நகரவில்லை. கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் ஒழுகி டாங்க் காலியாகியிருந்தது.

தூத்துக்குடி தியேட்டரில் ஒரு ரீல் ஓடி முடிந்ததும் அதை வாங்கிக்கொண்டு தருவைகுளத்துக்குப் பறக்க வேண்டும். அடுத்த ரீலுக்குத் திரும்ப வேண்டும். ஒரே படப்பெட்டியை வைத்து இரண்டு ஊரில் படம் ஓட்டும் அந்த வித்தைக்கு நடுவே காசிலிங்கம்தான் கயிறு. அவன் வண்டி பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய பி.எஸ்.ஏ. ஊரில் அவனை 'ரீல் காசி' என்றே கூப்பிடுவார்கள்.

மறுநாள் காலையில் டாக்கீஸ் முதலாளி ஆவுடையப்பன் உடைந்த பெஞ்சுகளைக் காட்டினார்.

"பாத்தியாலே? கொலைகாரன் யாருன்னு தெரியாம என் பெஞ்சைக் கொலை பண்ணிட்டானுவ."

"முதலாளி, வண்டிய இன்னைக்கே சரி பண்ணிருதேன்."

"வியாழக்கிழமையோட பெட்டி வேற ஊருக்குப் போகுது. அதுவரைக்கும் பழைய பக்திப் படத்தை ஓட்டிக்கிடுதேன். வியாழக்கிழமை கடைசி ரீல் வந்து சேரணும். வரலேன்னா, வெள்ளிக்கிழமைலேருந்து வேன்காரன் வாரான். உனக்கு இங்கன வேலை கிடையாது."

காசிலிங்கத்துக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

மெக்கானிக் எஸ்றா கார்புரேட்டரைப் பிரித்து, தீப்பெட்டி அளவு கூட இல்லாத ஒரு பித்தளை உருண்டையை எடுத்துக் காதருகே ஆட்டினார். உள்ளே களக் களக் என்றது. உருண்டை என்றாலும் மேலும் கீழும் தட்டை. நடுவில் கம்பி நுழைய ஒரு துளை.

"புளோட்டு ஓரத்துல ஓட்டைவே. உள்ள பெட்ரோல் போயிட்டு. இது மிதந்தாத்தான் பெட்ரோல் வாற வழி அடைபடும். முங்கிட்டா ஒழுகிக்கிட்டே இருக்கும்."

"ஈயம் வச்சு அடைச்சிருங்க அண்ணாச்சி."

உள்ளே போன பெட்ரோலை வடித்துவிட்டு அடைத்தார். மாட்டினார். பெட்ரோல் மறுபடியும் வழிந்தது.

எஸ்றா தலையைச் சொறிந்தார். "ஈயம் கனம். கனம் கூடினா தாழுது, தாழ்ந்தா ஒழுகுது. புதுசுதான் போடணும். ஆனா சீமைச் சாமான். இப்ப எவன் இறக்குமதி பண்ணுதான்?"

காசிலிங்கம் தூத்துக்குடியில் தட்டாத கதவில்லை. சாமான் கடைகளில் சிரித்தார்கள். கப்பல் கழிவு விற்கும் இடத்தில் ஆளை விழுங்கும் அளவுக்கு ஒரு மிதவையைக் காட்டினார்கள். காயலான் கடைக் குவியல்களைக் கிளறிக் கை கிழிந்ததுதான் மிச்சம். மதுரைக்குப் போன லாரிக்காரனும் வெறுங்கையோடு வந்தான்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டில் சோர்ந்து உட்கார்ந்திருந்தவனைக் கண்டக்டர் மந்திரமூர்த்தி பார்த்தான். வேம்பார் வரை கடற்கரைச் சாலையில் போகும் பஸ் அவனுடையது.

"என்னவே, ரீல் அறுந்த மாதிரி இருக்கீரு?"

"புளோட்டு வேணும்டே. வழியில யாருகிட்டயாவது பழசு கிடைக்குமான்னு கேட்டுச் சொல்லு."

"புளோட்டுன்னா?"

"மிதக்குற சாமான்டே. மிதப்பு."

"மிதப்புதானே? இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீரு? நாளைக்கு வந்து வாங்கிக்கிடும்."

மந்திரமூர்த்தி சொன்ன சொல் தவறாதவன். நிறுத்தத்துக்கு நிறுத்தம் படியில் தொங்கியபடி கத்திக்கொண்டே போனான்: "ரீல் காசிக்கு மிதப்பு வேணுமாம்! பழசுன்னாலும் பரவாயில்ல! வியாழக்கிழமை படம் ஓடணும்னா மிதப்பு குடுங்க!"

புதன்கிழமை காலை பஸ்ஸின் மேலிருந்து இரண்டு சாக்குகள் எஸ்றாவின் பட்டறை வாசலில் இறங்கின. காசிலிங்கம் ஆசையோடு வாயைக் கட்டிய கயிற்றை அவிழ்த்தான்.

வலையில் கட்டும் மரக்கட்டைகள். தக்கைகள். கயிற்று வலை போட்ட கண்ணாடி உருண்டைகள். மீனவருக்கு மிதப்பு என்றால் அதுதான். கடற்கரை முழுவதும் தன் வலையை அவிழ்த்துக் கொடுத்திருந்தது.

எஸ்றா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வே, மோட்டார் சைக்கிளைக் கடல்ல விடப் போறீரா?"

காசிலிங்கத்துக்கும் சிரிப்பு வந்தது. ஒரு கட்டையை எடுத்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. அதில் சிலுவை செதுக்கியிருந்தது. இன்னொன்றில் யாரோ புதுக் கயிறு மாட்டி முடிச்சிட்டு அனுப்பியிருந்தார்கள். படம் பாதியில் நின்றதற்கு அவனைத் திட்ட வேண்டியவர்கள், தங்கள் பிழைப்பின் சாமானைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, இத நான் கொண்டு போய்க் குடுத்துட்டு வந்துருதேன்."

"ஒரு நாள்தான் இருக்கு. புளோட்டைத் தேடாம, இதத் தூக்கிட்டுப் போறேங்கீரே?"

"வலை போட முடியாம உக்காந்திருப்பாங்க அண்ணாச்சி. பாவம்."

திரும்பிய பஸ்ஸிலேயே சாக்குகளை ஏற்றினான். "மிதப்புன்னு நீர்தானே சொன்னீரு!" என்று மந்திரமூர்த்தி வழி நெடுகப் புலம்பினான். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் பஸ்ஸை இரண்டு நிமிஷம் கூடுதலாக நிறுத்தினான்.

தருவைகுளத்துக் கரையில் சாக்கைக் கொட்டியதும் கூட்டம் கூடிவிட்டது.

"பத்தலையா அண்ணாச்சி? இன்னும் வேணுமா?"

"உங்க வண்டி கடல்லயா ஓடுது?"

"இது இல்ல மக்கா. எனக்கு வேண்டியது இந்தச் சாமான்." மடியிலிருந்து தன் பித்தளை உருண்டையை எடுத்துக் காட்டினான் காசிலிங்கம். "வண்டிக்குள்ள பெட்ரோல்ல மிதக்கும். நீங்க குடுத்ததுக்கெல்லாம் உங்க காலத் தொட்டுக் கும்பிடணும். யாருது எதுன்னு பாத்து எடுத்துக்கிடுங்க."

கூட்டத்தில் நின்ற பிரகாசியம்மாள் அந்த உருண்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். தூண்டில்காரன் தொம்மை மெல்லப் பின்னால் நகர்ந்தான்.

"ஏங்க, எங்க நழுவுறீங்க? உங்க முரல் மீன் தூண்டில்ல கட்டியிருக்கீங்களே, அது இதானே?"

"அது வேற."

"வேறயா? எடுத்துட்டு வாங்க, பாப்போம்."

தொம்மை தூண்டில் கயிற்றைக் கொண்டுவந்தான். நடுத்துளையில் கயிறு கோத்து, உப்பில் பச்சை பூத்து, அதே உருண்டை. காசிலிங்கம் அதைக் காதருகே ஆட்டினான். சத்தமே இல்லை.

"தொம்மை அண்ணே, இது எங்க கிடைச்சுது?"

"தூத்துக்குடி காயலான் கடையில. அஞ்சாறு வருசம் இருக்கும். நடுவுல ஓட்டை இருக்கே, கயிறு கோக்க வசதியா இருக்குன்னு எடுத்தேன்."

"அந்தக் கடையத்தான் நாலு நாளா நான் கிளறிக்கிட்டிருந்தேன்!"

தொம்மை தலையைக் குனிந்துகொண்டான். "நேத்து கண்டக்டர் கத்தும்போதே இதத்தான் நினைச்சேன். ஆனா இது ராசியான மிதப்பு. இதக் கட்டின நாள்லேருந்து முரல் கிடைக்காம நான் கரையேறினதே இல்ல. அதான் இத வச்சுக்கிட்டு, வெடிச்ச கட்டையா ஒண்ண அனுப்புனேன்."

"அந்த வெடிச்ச கட்டை நம்ம வீட்டுதா?" பிரகாசியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "மாதாவே! ஊரே நல்லதக் குடுத்திருக்கு. இவரு மட்டும் அடுப்புக்கு வச்சிருந்ததக் குடுத்திருக்காரு."

"ஏளா, சோறு போடுற மிதப்புளா இது."

"படத்துல அந்தப் பிள்ள கைய நீட்டிக்கிட்டு நாலு நாளா நிக்கி. யாரக் காட்டுச்சுன்னு தெரியாம எனக்குச் சோறே இறங்கல. டவுனுக்குப் போயிட்டு வாரவன் ஒவ்வொருத்தனும் ஒரு கதை சொல்லுதான். ஒருத்தன் தம்பிங்கான், ஒருத்தன் மாமாங்கான். நான் வக்கீலுன்னுதான் சொல்லுதேன். இவரக் கேட்டா..." புருஷனை முறைத்துவிட்டுக் காசிலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க. யாரு?"

"எனக்கும் தெரியாது தாயி. நான் ரீலத் தூக்கிட்டு ஓடுதவன். ஒரு படத்தையும் உக்காந்து பாத்ததில்ல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தொம்மைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உருண்டையை ஒருமுறை உள்ளங்கையில் உருட்டினான். பல்லால் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, காசிலிங்கத்தின் கையில் வைத்தான்.

"படம் ஓடட்டும் அண்ணாச்சி."

பிரகாசியம்மாள் கையில் இருந்த தன் உருண்டையைக் காசிலிங்கம் திரும்ப வாங்கினான். பதிலுக்குக் கொடுக்க அவனிடம் இருந்தது அந்த ஈயம் வைத்த பழைய உருண்டை மட்டும்தான். அதைத் தொம்மையிடம் நீட்டினான்.

"இது வண்டிக்குத்தான் ஆகாது. இத்துனூண்டு கனம் கூடிப்போச்சு. தண்ணியில முங்காது அண்ணே. இதையாவது கட்டிப் பாருங்க."

தொம்மை சந்தேகத்தோடுதான் வாங்கிக்கொண்டான்.

அன்று மாலையே எஸ்றா தொம்மையின் உருண்டையை எலுமிச்சம்பழமும் புளியும் போட்டுத் தேய்த்தார். பித்தளை பளபளத்தது. மாட்டிவிட்டு இருவரும் கார்புரேட்டரின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டு விழவில்லை. இரண்டாவது உதையில் வண்டி உறுமியது.

"முரல் பிடிச்ச புளோட்டுவே, பாத்து ஓட்டும். கடலப் பாத்தா அங்கன இழுக்கும்," என்றார் எஸ்றா.

வியாழக்கிழமை சாயங்காலம் டாக்கீஸ் நிரம்பி வழிந்தது. ரீல் ரீலாக வந்து சேர்ந்தது. கதாநாயகி மறுபடியும் சாட்சிக் கூண்டில் ஏறினாள், மறுபடியும் கையை நீட்டினாள். கூட்டம் திரையைப் பார்க்கவில்லை, சாலைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

தூரத்தில் பட்பட்டென்று சத்தம் கேட்டது.

"வாரான்! ரீல் காசி வாரான்!"

பெட்டியை ஆபரேட்டர் கையில் கொடுத்துவிட்டு, பழக்கத்தில் காசிலிங்கம் வண்டியைத் திருப்பினான். அப்புறம்தான் உறைத்தது. இனித் தூக்கி வர ரீல் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனான். மணலில் தொம்மை நகர்ந்து இடம் விட்டான்.

திரையில் அவள் விரல் காட்டிய இடத்தில், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு டாக்டர் நின்றார்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா!" என்று கத்தினாள் பிரகாசியம்மாள். அவள் அன்றைக்குச் சொன்னது வக்கீலை. யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

படம் முடிந்து வெளியே வரும்போது ஆவுடையப்பன் காசிலிங்கத்தின் முதுகில் தட்டினார். "நாளைக்குப் புதுப் பெட்டி வருது. ஆறு மணிக்கெல்லாம் தியேட்டர்ல நின்னுரு. வேன்காரன் கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்."

காசிலிங்கம் கைகூப்பிவிட்டு வண்டியருகே போனான். ஹேண்டில்பாரில் பனைநாரில் கோத்த ஒரு கொத்து முரல் தொங்கியது. இன்னும் ஈரம் காயவில்லை.

திரும்பிப் பார்த்தான். தொம்மை கொஞ்சம் தள்ளி நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணே இது?"

"மத்தியானம் உங்க ஓட்டை மிதப்பக் கட்டிட்டுப் போனேன்," என்றான் தொம்மை. "கொஞ்சம் தாழத்தான் மிதக்குது அண்ணாச்சி. முரலுக்கு அதுதான் பிடிச்சிருக்கு போல. திருப்பிக் கேட்டுராதீய."