அண்ணி பேசினால் வெளுக்கும்

பயம் வந்தால் அண்ணி பேசுவாள். செய்முறைத் தேர்வன்று பஸ் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டிருந்தாள்.

குடிநீர் நிலையத்தில் அவளுக்குப் பாட்டில் கழுவும் வேலை. இதில் தேறினால் தண்ணீரைச் சோதிக்கும் மேசைக்குப் போகலாம். தேறாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. துணைக்கு என்று இந்த வேதியியல் வகுப்பில் சேர்ந்த நாத்தனாருக்கும் அவளுக்கும் ஒரே மேசை.

"அண்ணி, எங்களுக்கும் கொஞ்சம் காத்து மிச்சம் வைங்க."

"நீ உன் குடுவையப் பாருடி."

குடுவையில் அமிலம், நிறங்காட்டி இரண்டு சொட்டு. மேலே பியூரெட் என்கிற நீண்ட கண்ணாடிக் குழாயில் காரம். திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அமிலம் தீரும் இடத்தில் குடுவையின் நீர் வெளிறிய இளஞ்சிவப்பாகும். அங்கே நிறுத்தி, குழாயின் அளவை எழுத வேண்டும். கூடுதலாக விட்டால் நிறம் அடர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அண்ணியின் வாய் வேறு, கை வேறு. கை அளந்துதான் விட்டது. இருக்கிறதா இல்லையா என்று இரண்டு முறை பார்க்கவைக்கும் இளஞ்சிவப்பு வந்தது. நிறுத்தினாள். எழுதினாள்.

தேர்வாளருக்குச் சளி. நாத்தனாரின் குடுவையைப் பார்த்து மதிப்பெண் போட்டார். அடுத்து அண்ணி என்கிறபோது கடைசி மேசையில் ஏதோ உடைந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அங்கே போனார்.

அண்ணி குடுவையை முகத்தருகே பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். "இப்பப் பாத்து உடைக்கணுமா? நீ அப்படியே இரு கண்ணு. அவர் வந்து ஒரு தடவை பாத்துட்டாப் போதும். உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க…"

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணி, நிறம் எங்க?"

குடுவையில் இருந்தது வெறும் தண்ணீர் போலக் கிடந்தது.

"பேசியே வெளுக்க வச்சுட்டீங்க! சீக்கிரம், இன்னொரு சொட்டு விடுங்க. வந்துடும்."

அண்ணியின் விரல் திருகுக்குப் போனது. திரும்பி வந்தது.

"எழுதின அளவுதான்டி சரி. இப்ப விட்டா அது பொய்யாயிடும்."

தேர்வாளர் வந்து குடுவையைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார்.

"நிறமே இல்லையேம்மா?"

"இருந்துச்சு சார். நான் பேசினதுல போயிடுச்சு."

"பேசினதுலயா?"

"மூச்சுல கரியமில வாயு இருக்குல்ல சார். அது தண்ணில கரைஞ்சா அமிலம். மிச்சமிருந்த துளி காரத்தை அது தின்னுடுச்சு."

"புத்தகத்துல இருக்கறதுதான். நீங்க பேசினதுலதான் போச்சுன்னு நான் எப்படி நம்பறது?"

நாத்தனார் தன் குடுவையை நீட்டினாள். அதில் அதே இளஞ்சிவப்பு. "எனக்கு மார்க் போட்டாச்சு சார். இதுகிட்ட பேசச் சொல்லுங்க."

தேர்வாளர் தலையசைத்தார்.

அண்ணி குடுவையை வாங்கினாள். வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை. அறையே திரும்பிப் பார்த்தது.

"பேசுங்க அண்ணி!"

"என்னத்தப் பேசறது?"

அண்ணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனார் கேட்டிராத கேள்வி அது. கொஞ்சம் யோசித்தாள்.

"எங்கண்ணன் சொல்றாரு, வீட்டு வேலை பூரா அவர்தான் பாக்கறாராம். நீங்க சும்மா உக்காந்திருக்கீங்களாம்."

"யாரு? உங்கண்ணனா?" அண்ணியின் கை குடுவையை ஆட்டத் தொடங்கியது. "கழட்டின சாக்ஸை எடுத்துப் போடத் தெரியாது. ஒண்ணு கட்டிலுக்கு அடியில, ஒண்ணு டிவி மேல. கேட்டா காயப்போட்டிருக்கேங்கறது. ஒரு நாள் பாத்திரம் கழுவினாரு. ஊருக்கே போன் பண்ணிச் சொன்னாரு…"

தேர்வாளர் மூக்கைத் துடைக்க மறந்து குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணி எழுதிய அளவைத் தன் தாளிலிருந்த சரியான அளவோடு ஒப்பிட்டு, மதிப்பெண் போட்டார்.

"போதும்மா. நீங்க பாஸ். அது எப்பவோ வெளுத்துடுச்சு."

"இருங்க சார்," என்றாள் அண்ணி. "சாக்ஸ் விஷயமே இன்னும் முடியலை."