தொடாத தட்டுகள்

நொறுக்குத் தீனியில் கலக்கும் கெட்ட கொழுப்புக்கும் சாயத்துக்கும் அரசு தடை போட வேண்டுமா என்று பேசத்தான் அந்தக் கூட்டம். நான் அந்த அரசுக் குழுவின் தலைவருக்கு உதவியாளர். தீனி தயாரிக்கும் கம்பெனியின் மேனேஜர் தன் சரக்கையே தட்டுத் தட்டாகப் பரப்பியிருந்தார். ஏசி அறையிலும் அந்த எண்ணெய் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. அடியில் விரித்த காகிதம் ஆரஞ்சு நிறத்தில் ஊறிப்போயிருந்தது.

யாரும் தொடவில்லை. ஒருவருக்கு சுகர், ஒருவருக்கு அல்சர். மேனேஜரே, "டாக்டர் இதெல்லாம் தொடக்கூடாதுன்னுட்டார்" என்று வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எதைச் சாப்பிடணும்னு ஜனங்களுக்கே தெரியும். இதுல நாம எதுக்கு மூக்கை நுழைக்கணும்?" என்றார் தலைவர். எல்லாரும் தலையாட்டினார்கள். தடை வேண்டாம் என்று முடிவாயிற்று.

கிளம்பும்போது தலைவர் தட்டுகளைப் பார்த்தார். "வீணாக்காதீங்கம்மா. வாட்ச்மேன் பிள்ளைங்களுக்குக் குடுத்துடுங்க."

ஒரு தட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். "நீங்க ஒண்ணு வாயில போடுங்க சார். மிச்சத்தைக் குடுத்துடுறேன்."

அவர் ஒன்றை எடுத்தார். விரலில் ஒட்டிய சாயத்தைப் பார்த்தார். எடுத்ததைத் தட்டிலேயே போட்டுவிட்டு, சோப்பு எங்கே என்று கேட்டார்.