ஒரு பிழையும் இல்லாத புத்தகம்

'வேலைத் தேடும் இளைஞர்களே!' என்று தொடங்கிய துண்டறிக்கையின், அச்சேறுமுன் பிழைதிருத்த வேண்டிய மெய்ப்பை மேசைமேல் விரித்து, அதிலிருந்த 'த்' என்னும் எழுத்தைச் சிவப்பு மையால் சுழித்தார் ஒற்றுக்காரர். காலை பத்து மணி. அச்சு இயந்திரம் ஓடிய ஓட்டத்தில் மேசைமேலிருந்த கண்ணாடிக்கூடு மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது.

"அந்த ஒரு 'த்' இருந்துட்டா குடியா முழுகிடும்?" என்று உரக்கக் கேட்டார் இயந்திரக்காரர்.

"வேலை தேடுறவன்னா உத்தியோகம் தேடுறவன். வேலைத் தேடுறவன்னா ஈட்டியத் தேடுறவன். தேர்தல் நேரத்துல ஊரு சனமெல்லாம் ஈட்டியத் தேடிக் கிளம்பினா குடி முழுகாதா?"

"சரிதான் சாமி. சந்தியில கோட்டை விட்டா, சந்தி சிரிச்சுடும்!"

ஒற்றெழுத்து ஒன்று மிகுந்தாலும் குறைந்தாலும் பொறுக்கமாட்டார் என்பதால் வந்த பெயர்தான் 'ஒற்றுக்காரர்'. அவ்வச்சகத்தில் முப்பத்தோராண்டுகளாக மெய்ப்புத் திருத்துபவர். அவர் கண் பட்ட நூலில் பிழை இராது என்பது அத்தொழிலில் உள்ளோர் யாவரும் ஒப்புக்கொண்ட செய்தி. அதனாலன்றோ சட்டமன்ற உறுப்பினர் ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பும் தேர்தல் வரலாறும் அடங்கிய நூலைத் தொகுக்கும் பணி அவரிடமே வந்து சேர்ந்தது!

அந்த உறுப்பினர் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றில் எழுத்தராக வாழ்வைத் தொடங்கியவர். பிறகு வட்ட உறுப்பினர், பிறகு நகர்மன்றத் தலைவர், பிறகு ஆறுமுறை சட்டமன்றத் தேர்தலில் நின்று ஐந்துமுறை வென்றவர், இருமுறை அமைச்சர். தொகுதி மக்கள் அவரை 'ஐந்துமுறையார்' என்றே அழைத்தனர். அவர் ஏழாம் முறையாகக் களத்தில் நின்ற காலம் அது. வீடுதோறும் கொடுப்பதற்கென நாற்பத்தெட்டுப் பக்கத்தில் நூல் ஆயத்தமாகிக் கொண்டிருந்தது. ஒற்றுக்காரர் மூன்று வாரம் நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டி, ஆண்டு, பெற்ற வாக்குகள், வாக்கு வேறுபாடு என அட்டவணை வகுத்திருந்தார். அவ்வட்டவணையில் ஓர் எண்கூடப் பிழையன்று.

அன்று நண்பகலுக்கு முன் ஐந்துமுறையாரின் உதவியாளர் மெய்ப்புத் தாள்களோடு வந்தார். அச்சக முதலாளியும் உடன் வந்து நின்றார்.

"ஐயா, பதினோராம் பக்கத்துல 'தோல்வியுற்றார்'னு போட்டிருக்கீங்க. அதப் பார்த்ததுலேர்ந்து தலைவர் ரெண்டு நாளா முகம் கொடுத்துப் பேசல."

"தோத்தது உண்மைதானே தம்பி?"

"உண்மைதான். அத இப்படிப் பச்சையாவா சொல்றது? 'வெற்றி வாய்ப்பை இழந்தார்'னு போடுங்க."

"சரி. கட்சி மூணு தரம் மாறியிருக்காரே?"

"மொதல் தரம் 'புதிய பாதை கண்டார்'. ரெண்டாம் தரம் 'தாய்வீடு திரும்பினார்'. மூணாவதுக்கு நீங்களே ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கா தமிழ் சொல்லித் தரணும்?"

ஒற்றுக்காரர் சற்றே கண்ணை மூடினார். "'காலத்தின் அழைப்பை ஏற்றார்'னு வெச்சுக்கலாமா?"

"அடடா! இதுக்குத்தான் உங்ககிட்ட வர்றது!"

அப்புகழ்ச்சி அவருக்கு இனித்தது. சறுக்குகிற பாதையின் முதலடி எப்போதும் இனிப்பாகத்தான் இருக்கும்.

அடுத்த தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இருபத்து மூன்றாம் பக்கம், ஒன்பதாம் வரி. தொகுதியின் மேற்குக் கோடியில் உள்ள சிற்றூரில், 'நூறு படுக்கைகள் கொண்ட மகப்பேற்று மருத்துவமனைக்கு நான்குமுறை அடிக்கல் நாட்டினார்' என்று அவர் எழுதியிருந்தார். உதவியாளரின் எழுதுகோல் 'க்கு நான்குமுறை அடிக்கல்' என்பதை அடித்து, 'நா' இருந்த இடத்தில் 'க' என்று எழுதியிருந்தது. இப்போது அவ்வரி, 'மருத்துவமனை கட்டினார்' என்று முடிந்தது.

"தம்பி, அங்க ஒரு செங்கல்கூட வைக்கலையே! தேர்தலுக்கு ஒண்ணா நாலு கல்லு மட்டும்தானே நிக்குது?"

"நிக்குதில்ல? அப்புறம் என்ன? நாட்டினாரு, கட்டினாரு, காதுல ரெண்டும் ஒண்ணாத்தானே விழுது!"

"அது பொய்யில்லையா?"

முதலாளி அவர் தோளில் கை வைத்தார். "ஐயா, எழுத்து நம்மளுது, சேதி அவங்களுது. சேதிக்கு அவங்க பொறுப்பு. இந்த வேலை கைநழுவிப் போச்சுன்னா இங்க இருக்கிற இருபது பேரும் எங்க போய் நிப்போம்? கொஞ்சம் யோசிங்க."

ஒற்றுக்காரர் அத்தாளையே நெடுநேரம் நோக்கினார். 'மருத்துவமனை கட்டினார்.' வேற்றுமை உருபு இல்லை. உருபு வந்தால் கூடவே வரும் ஒற்றும் இல்லை. முப்பத்தோராண்டுப் பழக்கம் அவருடைய விரலைப் பிடித்து இழுத்தது. இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு கோடிட்டு, 'யைக்' என்று எழுதினார். 'மருத்துவமனையைக் கட்டினார்.' பிறகு கீழே 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். அதுவரை நொண்டிக்கொண்டிருந்த பொய்க்கு இரண்டு கால் கொடுத்து நடக்கவிட்டவர் அவரே.

* * *

ஒற்றுக்காரருக்கு ஒரே மகள். மரம் அறுக்கும் ஆலையொன்றில் மேற்பார்வையாளராக இருந்தவருக்கு அவளை மணம் முடித்துக் கொடுத்திருந்தார். ஆலை தொகுதியின் மேற்குப் புறத்தில், ஊரை விட்டு ஒதுங்கியிருந்தது. அங்கே உள்ள குடியிருப்பில் அவர்கள் குடியேறி எட்டு மாதமே ஆகியிருந்தது. அப்போது அவளுக்கு ஏழு மாதம், தலைப்பிள்ளை.

சிறுமியாக இருந்தபோதே, தாம் திருத்திய நூலை அவளிடம் கொடுத்து, "முடிஞ்சா ஒரு பிழை கண்டுபிடி பார்ப்போம்" என்பார் அவர். அவள் ஒருநாளும் வென்றதில்லை. இந்த நூலையும் அவளுக்கு அனுப்பியிருந்தார். நான்காம் நாள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் பார்த்துட்டேன். ஒரு பிழையும் இல்ல. இந்தத் தடவையும் தோத்துட்டேன்."

"தோத்துட்டேன்னு சொல்லாதம்மா. வெற்றி வாய்ப்பை இழந்துட்டேன்னு சொல்லு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பினூடே, இருபத்து மூன்றாம் பக்கம் அவருடைய நாக்கு நுனி வரை வந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் இந்தப் பேச்சு எதற்கு? மகப்பேற்றுக்கு நகரத்துப் பெரிய மருத்துவமனையில்தான் எல்லாம் பேசி வைத்தாயிற்றே! அவர் அதை விழுங்கிவிட்டு, "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறியா?" என்று கேட்டார்.

அடுத்த பன்னிரண்டாம் நாள், முற்பகலில், குறித்த நாளுக்கு ஆறு வாரம் முன்னதாகவே அவளுக்கு வலி கண்டது, குருதியும் கண்டது. கணவர் ஆலையின் சிற்றுந்தில் அவளைப் படுக்கவைத்து விரைந்தார். சற்றுத் தொலைவில் சாலை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் போனால் நகரத்துப் பெரிய மருத்துவமனை. ஒன்றேகால் மணி நேர வழி. வலப்பக்கம் போனால் அந்தச் சிற்றூர், இருபதே நிமிடம்.

"வலது பக்கம் போங்க" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நூறு படுக்கை ஆஸ்பத்திரி இருக்கு."

"நாம கேள்விப்பட்டதே இல்லையே! ஊர்ல யாரும் சொல்லலையே?"

"புதுசா இருக்கும். அப்பா பார்த்த புத்தகத்துல இருக்குங்க. அப்பா தப்பு விடமாட்டாரு."

கணவர் தம் மாமனாரை மும்முறை அழைத்தார். வேலை நேரத்தில் தொலைபேசிகள் இழுப்பறையில் இருக்கவேண்டும் என்பது அச்சகத்து விதி. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் வண்டியை வலப்பக்கம் திருப்பினார்.

சிற்றூரின் கடைசியில் துருப்பிடித்த கதவு ஒன்று சங்கிலியால் பூட்டப்பட்டிருந்தது. உள்ளே இடுப்பளவு புதர். புதர் நடுவே, பளிங்கில் பெயர் பொறித்த நான்கு கற்கள் வரிசையாக நின்றன. எதிரே மிதிவண்டி பழுதுபார்ப்பவர் ஒருவர் இருந்தார்.

"அண்ணே! ஆஸ்பத்திரிக்கு வழி எந்தப் பக்கம்?"

"இதான் ஆஸ்பத்திரி" என்று சிரித்தார் அவர். "நாலு கல்லு முளைச்சிருக்கு. தண்ணி ஊத்திக்கிட்டிருக்கோம், கட்டடம் இன்னும் தளிர்க்கல." பிறகுதான் வண்டிக்குள் இருந்தவளைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. "ஐயையோ! திருப்புங்க, திருப்புங்க! டவுனுக்குப் போங்க!"

வந்த வழியே மீண்டு, பிரிவுச் சாலையை அடைந்து, நகரம் போய்ச் சேர்ந்தபோது ஏறத்தாழ முக்கால் மணி நேரம் வீணாகியிருந்தது. தாயைக் காப்பாற்றினார்கள். குழந்தை, பெண் குழந்தை, உயிரின்றிப் பிறந்தது.

* * *

செய்தி கேட்டு ஓடிவந்த ஒற்றுக்காரரை மருத்துவமனை நடைக்கூடத்தில் மருமகன் எதிர்கொண்டார். அவர் குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மூணு தரம் ஃபோன் போட்டேன் மாமா. நீங்க எடுக்கல. எடுக்காட்டி என்ன, அதான் மாமா பார்த்த புத்தகம் இருக்கேன்னு நெனச்சேன்."

"மாப்ள... அது எனக்குத் தெரியும்."

"எது மாமா?"

"அங்க ஆஸ்பத்திரி இல்லைங்கிறது. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். ஒரு மெய்யெழுத்து விட்டுப்போயிடக்கூடாதுன்னு பார்த்தேன், மெய்ய விட்டுட்டேன்."

மருமகன் அவரைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அதன்பின் பல நாள் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தேர்தலுக்கு ஆறு நாள் இருந்தது. ஒற்றுக்காரர் தம் கையாலேயே பிழைதிருத்தத் தாள் ஒன்றை எழுதி, வேறோர் இடத்தில் படியெடுத்தார். 'பக்கம் 23, வரி 9: "மருத்துவமனையைக் கட்டினார்" என்பதை "மருத்துவமனைக்கு நான்குமுறை அடிக்கல் நாட்டினார், கட்டவில்லை" எனத் திருத்திப் படிக்கவும்.' அவ்வளவே. அதனை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்திலும், சந்தையிலும், ஆலை வாயிலிலும் நின்றார். மக்கள் கொதித்தெழுவார்கள் என்று நம்பினார். வெயிலில் நின்று அறுநூறு தாள் கொடுத்தார்.

தாளை வாங்கிய காய்கறிக்காரி படித்துவிட்டு அவரை வேடிக்கையாகப் பார்த்தாள். "இது எங்களுக்குத் தெரியாதாக்கும்? அந்தக் கல்லுமேலதானே பெரியவரே நாங்க துணி காயப்போடுறோம்!"

"தெரிஞ்சுமா அவருக்கு ஓட்டுப் போடுறீங்க?"

"வேற எவன் மட்டும் கட்டிக் கிழிச்சிடப் போறான்? இவரு நல்லது கெட்டதுக்கு வந்து நிக்கிறாரு. சிரிச்ச முகமா நாலு வார்த்தை பேசுறாரு. போங்க, வெயில்ல நிக்காம."

தேநீர்க் கடையில் இருந்த ஒருவர், "அஞ்சாவது கல்லுக்கு எங்க எடம் இருக்குன்னு நாங்க பந்தயமே கட்டியிருக்கோம்" என்றார். எல்லாரும் சிரித்தனர். ஒருவரும் வியக்கவில்லை. ஒருவரும் மறுக்கவுமில்லை. அறியாத ஒருவரைத் தேடித் தேடி ஆறு நாளும் ஒற்றுக்காரர் அலைந்தார், அகப்படவில்லை.

வாக்குகள் எண்ணப்பட்டன. ஐந்துமுறையார் முன்னெப்போதும் பெறாத வேறுபாட்டில் வென்று ஆறுமுறையார் ஆனார். கல் நின்ற சிற்றூரிலேதான் அவருக்கு மிகுதியான வாக்கு.

மறுநாளே முதலாளி அழைத்தார். "ஐயா, நடந்தது நடந்துபோச்சு. ரெண்டாம் பதிப்பு கேக்கிறாங்க. அட்டவணையில ஒரு வரி சேக்கணும், அவ்வளவுதான்."

"இருபத்து மூணாம் பக்கத்தத் திருத்துறதா இருந்தா சேக்கறேன்."

"அதுல என்னய்யா பிழை இருக்கு? நீங்க பார்த்ததுதானே!"

ஒற்றுக்காரர் எழுந்து வெளியே வந்தார். அவர் இடத்தில் வேறொருவர் அமர்ந்து, மாலைக்குள் அவ்வரியைச் சேர்த்து முடித்தார். இயந்திரம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

ஒற்றுக்காரர் மகளின் வீட்டுக்குப் போனார். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், மெலிந்திருந்தாள். வென்றவர் யார் என்று அவள் கேட்கவில்லை. அவரே எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தாம் எழுதிய 'யைக்' முதல், தேநீர்க் கடைப் பந்தயம் வரை சொல்லி, "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்மா" என்று முடித்தார்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்போ தெரியாதவ நான் ஒருத்திதானாப்பா?"

அவர் தலை குனிந்தார்.

"அவரு கல்லு நட்டதோட சரி. அந்த ஆஸ்பத்திரியக் கட்டினது நீங்கதான். நீங்களும், சிரிச்சுக்கிட்டே ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் சேர்ந்துதான் கட்டினீங்க."

"தப்புதாம்மா. எழுத்துக்கு மட்டும்தான் நான் பொறுப்புன்னு நெனச்சுட்டேன்."

"எல்லாருக்கும் தெரிஞ்ச பொய்தானே, யாருக்கு என்ன கெட்டுப்போச்சுன்னு சும்மா இருந்துடறோம். அதுதாம்ப்பா பெரிய தப்பு. ஊருக்கே தெரிஞ்ச பொய்யின்னாலும், அத உண்மைன்னு நம்பி ஒருத்தர் வர்ற வரைக்கும் அது காத்துக்கிட்டே இருக்கும். தெரிஞ்சவங்க சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. நம்பினவதான் பலியாவா." கத்தியை மீண்டும் எடுத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "ரெண்டாம் பதிப்பு எத்தனை வீட்டுக்குப்பா போகுது?"

அந்த எண் அவருக்குத் தெரியும்.